ஆற்றை மூடி மலை எழுப்புகிறார்கள்... தெரியுமா?

தீம் பார்க்குக்குள் அரை நூற்றாண்டாக இருந்த ஓர் ஆற்றை, புது ரைடு கட்டுவதற்காக மூடிவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்! அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். அங்கே இப்போது நடக்கும் வேலைகள் ஒவ்வொன்றும் வாயைப் பிளக்க வைக்கும் ரகம்!

2023 செப்டம்பரில் டிஸ்னி நிறுவனம் ஒரு தொகையை அறிவித்தது. உலகம் முழுக்க உள்ள தன் தீம் பார்க்குகளுக்கும் சுற்றுலாக் கப்பல்களுக்கும் பத்தே ஆண்டுகளில் எவ்வளவு செலவழிக்கப் போகிறது தெரியுமா? 6,000 கோடி டாலர்! ரூபாயில் சொன்னால் 5 லட்சம் கோடியைத் தாண்டும்!

ஆனால் என்னைக் கேட்டால், அங்கே இருக்கும் அத்தனை ரைடுகளையும் தூக்கிச் சாப்பிடும் அதிசயம் ஒன்று உண்டு. அது அந்த நிலம்!

கமுக்கமாக வாங்கிய காடு

1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் வால்ட் டிஸ்னி தன் முதல் பார்க்கைத் திறந்தார். 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு, ஒரே வருடத்தில் டிஸ்னிலேண்டாக மாறியது! கூட்டம் அலைமோதியது. ஆனால் திறந்த கையோடு என்ன நடந்தது தெரியுமா? சுற்றிலும் மோட்டல், ஹோட்டல், கடைகள் என்று முளைத்து பார்க்கை நெருக்கிவிட்டன! பக்கத்தில் கால் வைக்க இடமில்லை. 2001-இல் அங்கே இரண்டாவது பார்க் கட்டினார்களே, அதை எங்கே கட்டினார்கள்? டிஸ்னிலேண்டின் சொந்தக் கார் பார்க்கிங்கில்! வேறு வழியே இல்லை!

அடுத்த பார்க்குக்கு இந்த நிலைமை வரக் கூடாது என்று வால்ட் டிஸ்னி முடிவு கட்டினார். 1963 நவம்பர் 22. விமானத்தில் ஏறி ஃபுளோரிடாவின் சதுப்புக் காடுகளுக்கு மேலே சுற்றிப் பார்த்தார். கீழே பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடம் கண்ணில் பட்டது. இதுதான் இடம்! அந்தத் தேதியை இன்னொரு முறை பாருங்கள். அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட அதே நாள்! நியூ ஆர்லியன்ஸில் விமானம் இறங்கிய பிறகுதான் வால்ட் டிஸ்னிக்கே அந்தச் செய்தி தெரிய வந்தது.

நிலத்தை வாங்குவது டிஸ்னி என்று தெரிந்தால் விலை விண்ணைத் தொட்டுவிடும், இல்லையா? அதனால் காதும் காதும் வைத்தாற்போல வேலை நடந்தது. பல பெயர்களில் டம்மி கம்பெனிகள்! ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகக் காட்டையும் சதுப்பையும் வாங்கிக் குவித்தது. மொத்தம் எவ்வளவு தெரியுமா? 27,000 ஏக்கருக்கும் மேல்! நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு! இத்தனைக்கும் கொடுத்த விலை சுமார் 50 லட்சம் டாலர்தான். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 200 டாலர்கூட இல்லை!

ஊர் முழுக்க ஒரே கிசுகிசு. யார் வாங்குகிறார்கள்? ஃபோர்டா? விமானக் கம்பெனியா? விண்வெளி ஆராய்ச்சிக்கா? எமிலி பாவர் என்ற பெண் பத்திரிகையாளர்தான் குட்டை உடைத்தார். 1965 அக்டோபரில் கலிஃபோர்னியாவுக்குப் போனவர், வால்ட் டிஸ்னியிடமே நேராகக் கேட்டுவிட்டார். அவர் மறுத்தார். ஆனால் மறுக்கும் சாக்கில் ஃபுளோரிடாவின் மழை, வெயில், சுற்றுலாப் பயணிகள் வரத்து என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தார்! சம்பந்தமே இல்லாதவருக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்? எமிலிக்குப் பொறி தட்டியது. 'ஆர்லாண்டோ சென்டினல்' பத்திரிகையின் முதல் பக்கத்தில் செய்தி வெடித்தது!

அந்த டம்மி கம்பெனிகளின் பெயர்கள் இன்றும் அங்கே இருக்கின்றன, தெரியுமா? வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பார்க்குக்குள் நுழைந்ததும் வரும் மெயின் ஸ்ட்ரீட்டில் மாடி ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். கண்ணாடியில் எழுதி வைத்திருக்கிறார்கள்!

இவ்வளவும் செய்த வால்ட் டிஸ்னி அந்த பார்க்கைப் பார்க்கவே இல்லை. 1966 டிசம்பரில் இறந்துவிட்டார். ஓய்வு பெற இருந்த அண்ணன் ராய், ஓய்வைத் தள்ளிப் போட்டுவிட்டுத் தம்பியின் கனவைக் கையில் எடுத்தார். 1971 அக்டோபர் 1 அன்று திறந்தும் காட்டினார். தம்பியின் முழுப்பெயரும் இருக்க வேண்டும் என்று 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' எனப் பெயர் வைத்தவர் அவர்தான். அதே வருடம் டிசம்பர் 20-இல் ராயும் காலமானார். திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை! படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நீங்கள் நடப்பது தரையில் இல்லை!

மேஜிக் கிங்டம் தெருவில் நடக்கும்போது உண்மையில் எங்கே நடக்கிறீர்கள் தெரியுமா? முதல் மாடியில்! ஆமாம், தரைத்தளம் உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது! சதுப்பு நிலத்தில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் ஊறும். அதனால் சுரங்கப் பாதைகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, மேலே மண்ணை நிரப்பி, அதன்மேல் பார்க்கை எழுப்பிவிட்டார்கள். மண் எங்கிருந்து வந்தது? எதிரே ஒரு பெரிய ஏரியை வெட்டினார்களே, அங்கிருந்துதான்!

எதற்கு இத்தனை பாடு? டிஸ்னிலேண்டில் ஒருநாள் கௌபாய் வேஷம் போட்ட ஊழியர் ஒருவர், வேலைக்குப் போகும் வழியில் எதிர்கால உலகத்தைக் காட்டும் பகுதிக்குள் நடந்து போனாராம். வால்ட் டிஸ்னிக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் ஃபுளோரிடாவில் ஊழியர்களுக்கென்று கீழே தனி வழி! வழி தவறாமல் இருக்கச் சுவர்களில் நிற அடையாளம், உடை மாற்றும் இடம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் அங்கேயே!

குப்பை எங்கே போகிறது என்று யோசித்தீர்களா? குழாய்க்குள் காற்று உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகிறது! வேகம்? மணிக்கு 95 கிலோமீட்டருக்கும் மேல்!

கப்பலுக்குத் தண்டவாளம்!

இப்போது அந்த ஆற்றுக்கு வருவோம்.

மேஜிக் கிங்டமில் 1971 முதல் இருந்தது 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா'. சுற்றி வளைத்து ஓடும் செயற்கை ஆறு. நடுவே 1973-இல் திறந்த டாம் சாயர் தீவு. ஆற்றில் ஒரு நீராவிக் கப்பல், பெயர் 'லிபர்ட்டி பெல்'. பின்பக்கம் பெரிய சக்கரம் தண்ணீரைத் துழாவ, புகை கக்கிக்கொண்டு தீவைச் சுற்றி வரும். நீராவி நிஜம், சக்கரம் நிஜம். ஆனால் தண்ணீருக்கு அடியில் ஒரு ரகசியம் இருந்தது, தெரியுமா? தண்டவாளம்! கப்பல் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளைந்து வளைந்து போனது!

2025 ஜூலை 6 அன்று கடைசிப் பயணம். மறுநாள் முதல் ஆறு, தீவு, கப்பல் மூன்றுக்கும் விடை கொடுத்துவிட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்க அந்தத் தீவு அத்தனை பேருக்கும் பிடித்த இடம். அதை இழந்தது நஷ்டம்தான் என்று அடித்துச் சொல்வேன்.

சரி, அங்கே என்ன வருகிறது? 'கார்ஸ்' படத்தின் உலகம்! மலை, அருவி, வெந்நீர் பீறிடும் ஊற்றுகள்... அதற்கு நடுவே கரடுமுரடான பாதையில் கார் பந்தயம்! டிஸ்னியில் ரைடுகளை வடிவமைப்பவர்களை இமாஜினியர்கள் என்பார்கள். கரடுமுரடான பாதையில் போகும்போது உடம்பு எப்படியெல்லாம் குலுங்குகிறது என்று தெரிய வேண்டாமா? மண் பாதை போட்டு, நிஜ வண்டியில் சென்சார் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள்! குலுக்கல்களைப் பதிவு செய்து அதன்படிதான் புது வண்டியை உருவாக்குகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு என்று தனியாக இன்னொரு ரைடும் உண்டு!

அதையும் தாண்டிப் பின்னால் ஒரு பகுதி எழப்போகிறது. பெயரைக் கேட்டாலே சிலிர்க்கும்: வில்லன்களின் நாடு! டிஸ்னி படங்களின் சூனியக்காரிகளும் கொடுங்கோலர்களும் மட்டுமே ஆளும் இடம்! இரண்டு பெரிய ரைடுகள், சாப்பாட்டுக் கடைகள், பொருள் வாங்கும் கடைகள் எல்லாமே வில்லன்கள் பேரில்! 2024 ஆகஸ்டில் இதை அறிவித்தபோது அரங்கமே அதிர்ந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால், மேஜிக் கிங்டம் வரலாற்றிலேயே மிகப் பெரிய விரிவாக்கம் இதுதான்!

அந்த பார்க்குக்கு ஒரே ஆண்டில் எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? 2023-இல் மட்டும் சுமார் 1 கோடியே 77 லட்சம் பேர்! உலகத்தில் வேறு எந்தத் தீம் பார்க்குக்கும் இத்தனை கூட்டம் வரவில்லை!

இந்த பார்க்கில் தண்ணீரை மூடி ரைடு கட்டுவது இது முதல் முறை இல்லை, தெரியுமா? தொடக்கத்திலிருந்தே அங்கே நீர்மூழ்கிக் கப்பல் ரைடு இருந்தது. மொத்தம் 12 கப்பல்கள்! 1994-இல் நின்றது. அந்த நீர்நிலையை வற்றவைத்து மூடினார்கள். இன்று அந்தப் பக்கம் போனால் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயில் தடதடக்கிறது!

ஒரு ரோலர் கோஸ்டருக்காக நீராவி ரயிலையே நான்கு வருடம் நிறுத்தி வைத்த கதையும் உண்டு! 'ட்ரான்' கோஸ்டர் ரயில் பாதையின் குறுக்கே வந்ததால் 2018 டிசம்பரில் நின்ற ரயில், 2022 டிசம்பரில்தான் மறுபடி கூவியது. அந்த ரயில் என்ஜின்கள் எங்கிருந்து வந்தவை என்று சொன்னால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் நிஜமாகவே ரயில் இழுத்துக்கொண்டிருந்த என்ஜின்கள்! நான்கும் 1916-க்கும் 1928-க்கும் இடையே செய்தவை. நூறு வயது என்ஜின்கள் இன்றும் குழந்தைகளைச் சுமக்கின்றன!

பார்க்குக்குள் இன்னொரு பார்க் அடங்கும்!

டிஸ்னி வேர்ல்டில் நான்கு தீம் பார்க்குகள். அதில் 1998-இல் திறந்த அனிமல் கிங்டம்தான் பரப்பில் பெரியது. அங்கே உள்ள ஆப்பிரிக்க சஃபாரி மட்டும் 110 ஏக்கர். மேஜிக் கிங்டம் முழுசும் எவ்வளவு? 107 ஏக்கர்! புரிகிறதா? ஒரே ரைடுக்குள் ஒரு பார்க்கையே வைத்துவிடலாம்!

சஃபாரி வண்டி போகும் மண் சாலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சேற்றில் டயர் பதிந்த தடம், நடுநடுவே கூழாங்கல், ஒட்டிக்கிடக்கும் சுள்ளி... எல்லாம் கான்கிரீட்! அந்த மண்ணின் நிறத்துக்கே கான்கிரீட்டைக் கலந்து, ஈரம் காயும் முன் டயரை உருட்டி, மேலே கல்லும் குச்சியும் தூவியிருக்கிறார்கள்!

நடுவில் நிற்கும் 145 அடி உயர 'உயிர் மரம்' இன்னொரு விந்தை. அதன் உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? கடலில் எண்ணெய் எடுக்க நிறுத்துவார்களே, அந்த மேடையின் இரும்புக் கட்டமைப்பு! வெளியே 300-க்கும் மேற்பட்ட விலங்குகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கிளைகளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட செயற்கை இலைகள்! வேருக்கு அடியில் ஒரு தியேட்டர் வேறு! 2025 நவம்பர் முதல் அங்கே 'ஸூடோப்பியா' காட்சி!

இந்த பார்க்கின் சின்னத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? யானை, சிங்கம் எல்லாம் சரி. டிராகன் எப்படி வந்தது? அங்கேதான் இருக்கிறது கதை! டிராகன், ஒற்றைக்கொம்புக் குதிரை என்று புராண விலங்குகளுக்குத் தனிப் பகுதி கட்டத் திட்டமிட்டார்கள். சின்னத்தில் சேர்த்தார்கள், கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பகுதிக்கு ஒற்றைக்கொம்புக் குதிரையின் பெயரையே வைத்தார்கள். ஆனால் கட்டவே இல்லை! அதற்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில்தான் 2017-இல் 'அவதார்' படத்தின் பண்டோரா உலகம் எழுந்தது.

அதே அனிமல் கிங்டமில் டைனோசர் பகுதிக்கும் இப்போது விடை கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் 2027-இல் வெப்பமண்டல அமெரிக்க நாடுகளின் ஊர் ஒன்று வருகிறது. பரப்பு 11 ஏக்கர்! 'என்காண்டோ' படத்தில் வரும் மாய வீட்டுக்குள்ளேயே போய் வரலாம். அந்தப் படத்துக்கென்று டிஸ்னி கட்டும் முதல் ரைடு அது! இன்னொரு பக்கம், அங்கே ஓடிய டைனோசர் ரைடு சாகசப் பட நாயகன் இண்டியானா ஜோன்ஸின் ரைடாக மாறுகிறது!

டைனோசர் ரைடு எப்படி இண்டியானா ஜோன்ஸ் ரைடாக மாறும் என்கிறீர்களா? இதைக் கேளுங்கள்! கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1995 முதல் ஓடுகிறது ஓர் இண்டியானா ஜோன்ஸ் ரைடு. அதன் பாதையும் டைனோசர் ரைடின் பாதையும் ஒன்று! வளைவுக்கு வளைவு அதே அமைப்பு! வண்டியும் அதே ரகம், ஒரு வண்டியில் 12 பேர். ஆக, டைனோசர்கள் இத்தனை வருடம் ஓடியதே இண்டியானா ஜோன்ஸ் தடத்தில்தான்!

அந்த வண்டியின் சூட்சுமம் தெரியுமா? ஏறி உட்கார்ந்தால் கல்லிலும் குழியிலும் விழுந்து எழுந்து போவதுபோல எலும்பெல்லாம் ஆட்டம் காணும். ஆனால் கீழே பாதை சமதளம்! சக்கரம் அலுங்காமல் போகும். சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கைப் பகுதியை ஹைட்ராலிக் தண்டுகள் தூக்கியும் சாய்த்தும் உலுக்கும். வண்டி சும்மா நிற்கும்போதுகூட ஓடுவதுபோலவே தோன்றும்!

200 அடி... அதற்கு மேல் கிடையாது!

சிண்ட்ரெல்லா கோட்டை 189 அடி. ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பார்க்கின் பேய் ஹோட்டல் ரைடு 199 அடி. அனிமல் கிங்டமின் எவரெஸ்ட் மலையும் 199 அடிதான்! ஏன் யாருமே 200-ஐத் தொடவில்லை? அமெரிக்க விமானத் துறை விதிப்படி, 200 அடியைத் தாண்டினால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு மின்ன வேண்டும். தேவதைக் கதைக் கோட்டையின் மேல் சிவப்பு விளக்கா? கூடவே கூடாது என்று உயரத்தையே குறைத்துக்கொண்டார்கள்! கோட்டை ஆகாயம் முட்ட நிற்பதுபோலத் தெரிகிறதே என்றால், மேலே போகப் போக ஜன்னலையும் கல்லையும் சிறிதாக்கிக் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள்!

பேய் ஹோட்டலில் லிஃப்ட் அறுந்து விழும் என்பார்களே, அது விழுவதில்லை தெரியுமா? கம்பிகள் அதைக் கீழே பிடித்து இழுக்கின்றன! கல் விழுவதைவிட வேகமாகக் கீழே போகிறீர்கள்!

எவரெஸ்ட் கோஸ்டருக்குள் 25 அடி உயரப் பனிமனிதன் நிற்கிறான். 2006-இல் திறந்த புதிதில் பாய்ந்து வந்து கையை வீசுவான். கொஞ்ச காலத்திலேயே இயக்கம் நின்றுபோனது. அன்றிலிருந்து அவன் அசையவே இல்லை! மின்னல்போல விளக்கை வெட்டி வெட்டி, அசைவதுபோலக் காட்டுகிறார்கள். புதுப் புது ரைடுகளுக்கு இவ்வளவு கோடி இறைக்கும்போது இந்தப் பனிமனிதனையும் எழுப்பிவிட வேண்டும். என் மனதார ஆசை இது!

கதவைப் பிடித்துக்கொண்டு பறக்கலாம்!

'மான்ஸ்டர்ஸ் இங்க்' படத்தில் லட்சக்கணக்கான கதவுகள் உத்தரத்தில் தொங்கிக்கொண்டு ஓடும் காட்சி நினைவிருக்கிறதா? அதைப் பார்த்த ஒவ்வொரு குழந்தையும், 'இது ரைடாக வராதா?' என்று ஏங்கியிருக்கும். 2001-இல் வந்த படம். இப்போதுதான் நிறைவேறுகிறது! ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பார்க்கில் அந்தக் கதவுக் கிடங்கையே கோஸ்டராகக் கட்டுகிறார்கள். பாதை தலைக்கு மேலே, நாம் கீழே தொங்கிக்கொண்டு! இப்படித் தொங்கும் கோஸ்டரை டிஸ்னி கட்டுவது இதுவே முதல் முறை!

இதற்காக இடம் கொடுத்தது மப்பெட் பொம்மைகளின் முப்பரிமாணத் தியேட்டர். மப்பெட்களைப் படைத்த ஜிம் ஹென்சனின் கடைசிப் படைப்புகளில் ஒன்று அது. அவர் இறந்தது 1990 மே 16. தியேட்டர் திறந்தது சரியாக ஒரு வருடம் கழித்து, 1991 மே 16! 2025 ஜூன் 7-இல் கடைசிக் காட்சி. ஆனாலும் மப்பெட்கள் வீதிக்கு வந்துவிடவில்லை! ஏரோஸ்மித் ராக் இசைக்குழுவின் பெயரில் 1999 முதல் ஓடிய கோஸ்டர் அவர்கள் கைக்கு மாறுகிறது. அதன் வேகம்? புறப்பட்ட 2.8 விநாடியில் மணிக்கு 92 கிலோமீட்டர்!

இத்தனை அவசரம் ஏன்? போட்டி! 2025 மே 22 அன்று அதே ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனம் 'எபிக் யுனிவர்ஸ்' என்ற புத்தம் புது பார்க்கைத் திறந்துவிட்டது. ஹாரி பாட்டர், நிண்டெண்டோ, டிராகன்கள், பழைய திகில் பட அரக்கர்கள் என்று ஐந்து உலகங்கள்! அந்த ஊரில் இந்த அளவுக்கு ஒரு புது பார்க் திறந்து இருபது வருடங்களுக்கும் மேல் ஆகியிருந்தது!

டிஸ்னி சும்மா இருக்குமா? 2024 ஜூனில் உள்ளூர் நிர்வாகத்துடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. ஃபுளோரிடாவில் மட்டும் 1,700 கோடி டாலர் வரை முதலீடு! அதில் என்ன அனுமதி இருக்கிறது தெரியுமா? ஐந்தாவதாக ஒரு முழு தீம் பார்க்! கூடவே இரண்டு சிறிய பார்க்குகள்! 160 ஏக்கரில் மூச்சுத் திணறிய மனிதர் அன்று காடு காடாக வாங்கிப் போட்டதால், இன்றும் புது பார்க்குக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் காடாகவே விட்டு வைத்திருக்கிறார்கள்!

அந்த உள்ளூர் நிர்வாகத்துக்கும் ஒரு கதை உண்டு! 1967-இல் மாநில அரசு டிஸ்னிக்குத் தனி உள்ளாட்சியே அமைத்துக் கொடுத்தது. தீயணைப்பு, சாலை, கட்டட அனுமதி எல்லாம் சொந்த நிர்வாகம். விமான நிலையம் கட்டலாம். அணுமின் நிலையம்கூடக் கட்டலாம் என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள்! 2023-இல் அந்த அமைப்பை மாற்றி, மாநில ஆளுநர் நியமிக்கும் வாரியத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த வாரியத்தோடுதான் மேலே சொன்ன ஒப்பந்தம்!

கடைசியாக ஒன்று. டிஸ்னியின் ஏழாவது தீம் பார்க் நகரம் எங்கே வரப்போகிறது தெரியுமா? அபுதாபியில், யாஸ் தீவில்! 2025 மே 7 அன்று அறிவித்தார்கள். நிலத்துக்காக அத்தனை ரகசியம் காத்த அதே டிஸ்னி, இங்கே ஒரு சென்ட் நிலம் வாங்கவில்லை, கட்டடத்துக்குச் சல்லிக்காசு போடவில்லை! மிரால் என்ற அபுதாபி நிறுவனமே பணம் போட்டுக் கட்டும், அதுவே நடத்தவும் செய்யும். டிஸ்னி வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, ராயல்டி வாங்கிக்கொள்ளும்! உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் நான்கு மணி நேர விமானப் பயணத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தை எட்டிவிடலாம் என்று கணக்குச் சொல்கிறது டிஸ்னி. அமீரகத்தில் வேலை பார்க்கும் அண்ணனோ சித்தப்பாவோ இருக்கும் வீடுகள் இப்போதே பேச்சை ஆரம்பிக்கலாம். சென்னையில் விமானம் ஏறினால் அபுதாபி அந்த நான்கு மணி நேரத் தூரம்தான்!